தெரியாது என்று எழுதச் சொன்னவர்

மட்டாஞ்சேரியில் வேலை பார்த்த நான்கு வருஷத்தில் ‘தெரியாது’ என்ற சொல்லை எழுதிய அளவுக்கு வேறெந்தச் சொல்லையும் நான் எழுதியிருக்க மாட்டேன். அதற்குக் காரணம் ஒரு தையல்காரர். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொச்சிக்குத் தெற்கே, பஸ்ஸில் போய் இறங்கி ஒரு படகும் ஏற வேண்டிய கிராமத்தில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் சின்ன மியூசியம் இருந்தது. மீன் பிடிக்கும் கூடு, கயிறு திரிக்கும் ராட்டு, நெல் அளக்கும் பறை, பெண்கள் சர்ச்சுக்கு உடுத்திப் போன சட்டையும் முண்டும் என்று ஊர்க்காரர்கள் கொடுத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் ஜன்னல்வரை ஏறிவிட்டது. மிஞ்சியதை மூன்று டெம்போவில் ஏற்றி, மட்டாஞ்சேரியில் காலியாகக் கிடந்த ஒரு சுக்கு கோடவுனில் இறக்கினார்கள். எல்லாவற்றையும் காயவைக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பட்டியல் எழுத வேண்டும். பட்டியல் என் பொறுப்பு. நான் தென்காசிக்காரி. கணவர் மஸ்கட்டில் இருந்தார். நானும் மகளும் கோடவுனுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தோம்.

வந்த சாமான்களில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஞானஸ்நானத்துக்குக் குழந்தைக்குப் போடும் வெள்ளைக் கவுன்கள் பதினொன்று. எல்லாவற்றிலும் மார்புப் பகுதியில் ஸ்மோக்கிங். துணியைப் பென்சில் கனத்துக்கு மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, அந்த மடிப்புகளின் முதுகில் கயிறு மாதிரியும் தேன்கூடு மாதிரியும் நூல் வேலை செய்வது அது. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். வெள்ளத்தில் நூல்கள் அங்கங்கே அறுந்து மடிப்புகள் வாய் பிளந்து கிடந்தன. கையால் அதைச் செய்கிற ஆள் யார் என்று விசாரித்தபோது எல்லாரும் ஒரே ஆளைக் காட்டினார்கள்.

அவர் ஜூ டவுனில் ஒரு துணிக்கடையின் வாசலோரம் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர். அம்மா கான்வென்ட்டுக்கு எம்ப்ராய்டரி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். இவர் கால் ஒடிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோது பொழுது போகாமல் கற்றுக்கொண்டாராம். பக்கத்தில் இருந்த பலகையில் ஸ்மோக்கிங் என்று ஆங்கிலத்தில் எழுதியவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டதால், புகைபிடிக்கும் இடம் என்று பொருள் வந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே அதைப் படம் எடுப்பார்கள். அவர் மாற்றவில்லை. நிறைய பேர் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று கடைக்காரர் நம்பினார். மாஸ்டரிடம் கேட்டபோது, இருக்கலாம், எண்ணிப் பார்க்கவில்லை என்றார்.

கோடவுனுக்கு வந்த முதல் நாளே என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். பொருள், செய்தவர், காலம், ஊர் என்று கட்டங்கள். ஒரு கவுனுக்கு நேராக ‘சுமார் நூறு வருஷம்’ என்று போட்டிருந்தேன்.

“ஆரு சொன்னா?” என்றார்.

யாரும் சொல்லவில்லை, பார்த்தால் அப்படித் தெரிகிறது என்றேன்.

“அப்போ தெரியாதுன்னு போடுங்க, தங்கச்சி. நாளைக்கு ஒருத்தன் வந்து இதைப் படிப்பான். நீங்க போட்டதுனால நம்புவான்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பட்டியல் முழுக்க ‘தெரியாது’ என்றிருந்தால் நான் வேலையே செய்யாத மாதிரி ஆகாதா? ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் பதினாலு கட்டங்களை மாற்றியிருந்தேன். அவர் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் சொன்னது என்று கேட்டார், அவ்வளவுதான்.

கடையிலும் அப்படித்தான். கப்பலில் வந்து இறங்கிய ஒரு வயதான தம்பதி, தேன்கூட்டு வேலை செய்த ஒரு கவுனைக் கையில் எடுத்து, இது இங்கிருந்த யூதக் குடும்பங்களின் பழைய டிசைனா என்று கேட்டார்கள். கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர், போன வாரம் தான் தைத்தது, டிசைன் எங்கிருந்து வந்ததென்று தெரியாது என்றார். அந்த அம்மாள் சிரித்து அதையே வாங்கிக்கொண்டாள். மறுநாள் கடைக்காரர் அவருடைய நாற்காலியை வாசலிலிருந்து கடையின் பின்பக்கத்துக்கு மாற்றினார். பலகை மட்டும் வாசலிலேயே இருந்தது. பின்னால் வெளிச்சம் குறைவு. அவர் ஜன்னலோரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தைத்தார்.

இப்படிப்பட்ட ஆளோடு பழகுவது சுலபமில்லை. குழந்தைக்குக் கவுன் தைக்கக் கொடுக்கும் தாய்மார்கள், ஒரு வயசு வரைக்கும் போடலாமா என்று கேட்பார்கள். பிள்ளை எப்படி வளருமோ தெரியாது என்பார். சாயா நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் குடித்து முடித்த பிறகே பதில் வரும்.

எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஐந்து நாள். கணவர் போனில் ஒன்றும் இருக்காது என்றார். வீட்டுக்காரச் சேச்சி ஒன்றும் இருக்காது என்றாள். என் அம்மா தென்காசியிலிருந்து அதையே சொன்னாள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. மாஸ்டரிடமும் கேட்டேன், ஒன்றும் இருக்காதுதானே என்று. அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“தெரியாது. என்னைக்கு வாங்கப் போணும்?”

வெள்ளிக்கிழமை என்றேன். வெள்ளிக்கிழமை காலை மட்டாஞ்சேரி படகுத்துறையில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். என்னோடு படகில் ஏறினார். ஆஸ்பத்திரியில் இரண்டரை மணி நேரம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கவுனின் சுருக்கு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஐந்து நாளில் எனக்கு மூச்சு சீராக வந்தது அந்த இரண்டரை மணி நேரம்தான். கட்டி ஆபத்தில்லாதது என்று டாக்டர் சொன்னபோது, அவர் எழுதித் தந்த காகிதத்தை மாஸ்டர் வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, “ஒண்ணுமில்லன்னு இதுல இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார்.

அதே குணம் அவருக்கு வீட்டை இல்லாமல் ஆக்கியதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா சாகும்போது தென்னந்தோப்பைத் தனக்கென்று வாயால் சொன்னார் என்று அண்ணன் பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறார். சாட்சி இவர். அந்த நேரம் மருந்து வாங்கப் போயிருந்தேன், சொன்னாரா இல்லையா தெரியாது என்று இவர் சொல்லிவிட்டார். தோப்பு பாகம் பிரிக்காத குடும்பச் சொத்தென்று ஆகி, சித்தப்பா பிள்ளைகளுக்கும் பங்காகிப் போனது. அண்ணன் அதன் பிறகு பேசவில்லை. அம்மா செத்த செய்தி மூன்று நாள் கழித்து யாரோ சொல்லித் தெரிந்ததாம்.

அப்பா சொல்லியிருப்பாரா என்று கேட்டேன்.

“சொல்லியிருப்பாரு. அண்ணன் மேலதான் அவருக்குப் பிரியம்” என்றார். ஊசியில் நூல் கோத்துவிட்டு, “இருக்கும்னு சொல்லுகது வேற, இருக்குன்னு சொல்லுகது வேற இல்லியா” என்றார். சரி என்று தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அம்மாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக வைத்திருந்த கவுன் ஒன்று உண்டு. தகரப் பெட்டியில் இருந்தவை பதினொன்று, இது பன்னிரண்டாவது. ‘கால்வாய் வேலைக்கு வந்த இன்ஜினியர் துரையின் மகள் அணிந்தது. இங்கிலாந்தில் தைக்கப்பட்டது’ என்று குறிப்பு. மியூசியத்தின் செயலாளர் குடும்பம் கொடுத்தது. அவர் பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா அந்தத் துரையிடம் குமாஸ்தா. ஊரை விட்டுப் போகும்போது துரையின் மனைவி நினைவாகக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். மியூசியம் தொடங்கியதே அந்தக் கவுனை வைத்துத்தான்.

வெள்ளத்தில் அதன் காலர் தையல் தானாகவே விட்டுப்போயிருந்தது. மாஸ்டர் அதை ஒதுக்கி உள்ளே பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். விறைப்புக்காக உள்ளே வைத்திருந்தது மூட்டைத் துணி. அதில் பாதி அழிந்த நீல மையில், அந்தக் கிராமத்துப் பேரின் இரண்டு மலையாள எழுத்துகள்.

அதோடு விடவில்லை. இரண்டு நாள் அந்தக் கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கைக்காரர்கள் ஸ்மோக்கிங்கை இடமிருந்து வலமாகத் தைப்பார்கள், தொடங்கும் முடிச்சு இடது ஓரத்தில் விழும். இதில் எல்லா வரிசையிலும் முடிச்சு வலது ஓரத்தில் இருந்தது. தைத்தவள் இடது கைக்காரியா என்று கேட்டேன். துணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அப்படி வரும் என்றார். பிறகு கீழ் மடிப்பையும், பொத்தான் ஓட்டையையும், கையின் ஓரத்தையும் பார்த்தார். எல்லாமே எதிர்ப்பக்கம் போயிருந்தன. தகரப் பெட்டியில் இருந்த கவுன்களிலும் மூன்று அதேபோல இருந்தன.

“இடது கை. இது தெரியும்” என்றார். நான்கும் ஒரே ஆள் தைத்ததா என்றேன். அது தெரியாது என்றார்.

செயலாளரிடம் அவரே சொன்னார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்தார். தன் அப்பா பொய் சொன்னாரா என்று மலையாளத்தில் கேட்டார். அதட்டலாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

“உங்க அப்பா கேட்டதைச் சொல்லியிருப்பாரு ஸார். துரை மக போட்டிருக்கலாம். அது தெரியாது. தச்சது இங்க. அது மட்டும் தெரியும்.”

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஒரு மாதம் மாஸ்டருக்குக் கோடவுனிலிருந்து அழைப்பு வரவில்லை. அந்தக் கவுன் காகிதம் சுற்றி அலமாரியில் இருந்தது.

அடுத்த காரியம் என்னால் நடந்தது. அந்தக் கிராமத்துக்காரர்களின் வாட்ஸப் குழுவில் கவுனின் படத்தைப் போட்டு, இதை உங்கள் ஊரில் இடது கைக்காரப் பெண் ஒருவர் தைத்திருக்கிறார், யாருக்காவது தெரியுமா என்று எழுதினேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினேன். நாலாம் நாள் திரேசியாம்மா வந்தாள். எழுபத்தெட்டு வயது. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு படகும் இரண்டு பஸ்ஸும் ஏறி வந்திருந்தாள். அவளுடைய அம்மா மரியம் இடது கைக்காரி. இடது கையால் சிலுவை போட்டதற்கு வேதபாட வகுப்பில் அடி வாங்கியவள். ஊரில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் கவுன் தைத்தவள். அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை, பேர் எழுதிய காகிதம் ஒன்றுகூட இல்லை, கல்லறையில் வைத்த மரச் சிலுவையும் மக்கிவிட்டது என்றாள். அம்மா தைத்தது என்று ஒரு தலையணை உறையைப் பாலிதீன் கவரிலிருந்து எடுத்தாள். அதன் ஓரத்தில் கைவிரல் அகலத்துக்கு ஸ்மோக்கிங் இருந்தது.

நான் செயலாளருக்குப் போன் செய்தேன். அவர் வந்தார். திரேசியாம்மா சொன்னதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டார். ஒரு மாதமாக மனதில் எதைப் புரட்டிக்கொண்டிருந்தாரோ, கடைசியில், துரை வேண்டாம், இந்த அம்மாவின் பேரைப் போடுவோம், இதுவும் நல்ல கதைதான் என்றார். மாஸ்டரை அழைத்துவரச் சொன்னார். எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது. மருமகள் போனில் யாருக்கோ சொல்லத் தொடங்கிவிட்டாள்.

மாஸ்டர் உறையைத் திருப்பினார். ஜன்னலோரம் கொண்டுபோனார். திரும்பி வந்து திரேசியாம்மாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“இது வலது கை, அம்மச்சி.”

திரேசியாம்மாவுக்குப் புரியவில்லை. கவுனைத் தைத்தது இடது கை, இதைத் தைத்தது வலது கை என்று நான் விளக்கினேன். அம்மா கஞ்சி குடித்ததே இடது கையால்தான் என்றாள். அடித்து அடித்துத் தையலுக்கு மட்டும் வலது கையைப் பழக்கியிருக்கலாம் என்றார் செயலாளர். அப்படியும் இருக்கலாம் என்றார் மாஸ்டர். பிறகு, இந்த உறையை அம்மா தைக்கும்போது நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை, அம்மாவின் பெட்டிக்குள் இருந்தது என்றாள் அவள்.

“அப்போ இதைத் தச்சது அம்மாவான்னு தெரியாது. கவுனைத் தச்சது அம்மாவான்னும் தெரியாது.”

திரேசியாம்மா உறையை நாலாக மடித்தாள். கவருக்குள் வைத்தாள். அழவில்லை. போகலாம் என்று மருமகளிடம் சொன்னாள். வாசல் வரை போய், அங்கே படியில் கால் வைக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். மாஸ்டர் கை கொடுக்கப் போனார். அவள் மருமகளையே பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு நான் மாஸ்டரிடம் சத்தம் போட்டேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். செத்துப்போன ஒரு பெண்ணின் பேர் ஒரு காகிதத்தில் இருந்துவிட்டுப் போனால் உங்களுக்கு என்ன என்றேன். ஆமாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போனார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கிறார். இது எனக்கு மருமகள் சொல்லித் தெரியும். திரேசியாம்மா உள்ளே கூப்பிடவில்லை. தென்னைமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த ஞாயிறும் போனார். அன்று உட்காரச் சொல்லிப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்திருக்கிறாள். அம்மா தைத்தது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். வீட்டிலிருந்த பழைய துணியையெல்லாம் எடுத்துப் போட்டார்கள். கொசுவலை ஓரம், மேசை விரிப்பு, கிழிந்த ஒரு முண்டு. எதை வைத்தும் ஒன்றும் முடிவாகவில்லை. மூன்றாவது ஞாயிறு என்னையும் வரச் சொன்னார். நானும் போனேன், லேப்டாப்போடு.

அன்று அவர் துணியைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா எங்கே உட்கார்ந்து தைப்பாள், கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார். திரேசியாம்மா முதலில் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையாகப் பதில் சொன்னாள். பிறகு பேச்சு பிடித்துக்கொண்டது. மத்தியானம் சமையல் முடிந்ததும் சர்ச் வராந்தாவில் அஞ்சு பேர் சேர்ந்து உட்காருவார்கள். சிறுமியாக அவள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருப்பாள். ஒரே துணியை ஒருத்தி தொடங்கி இன்னொருத்தி முடிப்பதும் உண்டு. மரியம், ரோசா, ஏலி, அன்னம்மா, பார்பரா. கடைசிப் பேர் வர ரொம்ப நேரம் ஆனது. யார் இடது கை என்று கேட்டேன். அம்மாவைத் தவிர வேறு யாரையும் கவனித்ததில்லை என்றாள். அதைச் சொல்லும்போது மாஸ்டரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

கட்டடம் பழுது பார்த்து மியூசியம் மறுபடி திறந்தபோது கண்ணாடிப் பெட்டியில் புதுக் குறிப்பு இருந்தது. மலையாளத்தில் செயலாளரே எழுதினார், நான்கு தடவை மாஸ்டருக்கு வாசித்துக் காட்டித் திருத்தினார். ‘இந்த ஊரில் இடது கைப் பழக்கமுள்ள ஒருவர் தைத்தது. பெயர் தெரியாது. துரையின் மகள் அணிந்ததாகக் கொடுத்தவர்கள் குடும்பத்தில் சொல்வார்கள். ஒரு காலத்தில் இங்கே சேர்ந்து தைத்தவர்கள் என்று திரேசியாம்மா நினைவிலிருந்து சொன்ன பெயர்கள்’ என்று போட்டு ஐந்து பெயர்களும் கீழே இருந்தன.

திறப்பு நாளன்று திரேசியாம்மா புது முண்டு உடுத்தி வந்தாள். கண்ணாடிமேல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். மரியம் என்ற பெயரில் விரல் நின்றது. மருமகள் படம் எடுத்தாள். பிறகு திரேசியாம்மா, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்ற மாஸ்டரிடம் திரும்பினாள்.

“அன்னு தன்னே ஒன்னு பறயாமாயிருந்நு” என்றாள்.

“ஆமா. இப்பிடி எழுதலாம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்” என்றார் மாஸ்டர்.

அவள் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

அப்போது அவர்களுக்குப் பின்னால் ஒரு ஆள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குறிப்பை வாசித்தார். பார்பரா என்பது தன் அம்மாவின் அம்மா பேர், இங்கேதான் கட்டிக்கொடுத்தார்கள், அவளா இவள் என்று பொதுவாகக் கேட்டார். திரேசியாம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எந்த வீடு என்று கேட்டாள். ஆற்றங்கரையில் பலாமரம் நின்ற வீடு என்றார். அவளேதான் என்றாள் திரேசியாம்மா. அவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது, என் அம்மாதான் கோத்துக் கொடுப்பாள், தைக்கும்போது பாடுவாள், ஒரு பாட்டும் ராகத்தில் நிற்காது, பாதிரியார் ஜன்னலைச் சாத்துவார் என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த ஆள் சிரித்துக்கொண்டு போனை எடுத்துத் தன் தங்கையைக் கூப்பிட்டு, பேசுகிற திரேசியாம்மாவுக்கு நேராகப் பிடித்தார். சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

மாஸ்டர் என் பக்கம் நகர்ந்து வந்தார்.

“எழுதுங்க, தங்கச்சி” என்றார் மெதுவாக.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

“அவங்க சொன்னதுன்னு போட்டு எழுதுங்க.”